மொட்டைத் தலையர் சாப்பிடுகிறார்

அடுத்தவர் சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்டவன் நான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் எத்தனை ஜாங்கிரி விழுந்தது என்று எண்ணியதற்காக அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், 2021 மே மாதத்தில் இரண்டு வாரம், ஒரு அமெரிக்க நடிகர் இத்தாலி முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் சமயம் கிடைத்தால் பார்க்கிறேன். இதைவிட சுகமான சோம்பேறித்தனம் உலகத்தில் கிடையாது என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். கொரோனா இரண்டாவது அலை. ஊரடங்கு. எனக்கு வந்தது 'மைல்டு' என்றார் டாக்டர். மைல்டு என்பது எப்போதுமே அடுத்தவனுக்கு வரும்போது சொல்கிற வார்த்தை. நங்கநல்லூர் வாடகை வீட்டின் பின் அறையில் என்னைப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். மனைவி அதில் தட்டை வைத்துவிட்டு, கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓடிப்போவாள். நான் பத்து எண்ணிவிட்டுக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சிறைச்சாலைகூடத் தேவலை, அங்கே பேச்சுத் துணைக்கு ஒரு வார்டராவது இருப்பார்.

மூன்றாம் நாள் காலை. காபி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. சரி, டிகாஷன் ஒல்லி என்று நினைத்துக் குடித்தேன். சூடு தெரிந்தது. காபி தெரியவில்லை. பதறிப்போய் தைல டப்பாவைத் திறந்து, மூக்குக்குள் செருகாத குறையாக முகர்ந்தேன். ஊஹூம். ஊதுபத்தி, சோப்பு, மூன்று நாளாகத் துவைக்காத என் பனியன்... எதற்குமே வாசனை இல்லை. மத்தியானம் வந்த ரசம் வெந்நீராக இருந்தது. ராத்திரி வந்த இட்லி, ஈரமான தெர்மோகோல்.

இந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் ஒரு பென்டிரைவைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளினான்.

"மாமா, போரடிச்சா இதைப் பாருங்க. உங்களுக்குத்தான் சாப்பாடுன்னா உயிராச்சே!"

பாவம், என் நாக்கு நிலவரம் அவனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் டி.வி.யைப் போட்டால் ஆக்ஸிஜன், படுக்கை, ஆம்புலன்ஸ். அதற்கு நடுவில் போய் "எனக்கு ரசம் ருசிக்கலை" என்று எப்படிச் சொல்வது? இருக்கிற பயம் போதாதா அவளுக்கு? ஆகவே தட்டு வரும்போதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "பிரமாதம்!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பென்டிரைவில் இருந்தது 'ஸ்டான்லி டூச்சி: சர்ச்சிங் ஃபார் இட்டலி'. சி.என்.என். தயாரிப்பு. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் ஆரம்பித்திருந்தது. முதல் வரிசையில் ஆறு பகுதிகள். நேப்பிள்ஸ், ரோம், பொலோனியா, மிலான், டஸ்கனி, சிஸிலி. டூச்சியைப் பெயர் சொன்னால் தெரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் தெரியும். 'தி டெவில் வேர்ஸ் பிராடா', 'ஹங்கர் கேம்ஸ்' படங்களில் வருவார். மொட்டைத் தலை, கெட்டி ஃபிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாவிட்டாலும் பதறாத ஆடிட்டர் மாதிரி இருப்பார். தாத்தா பாட்டியெல்லாம் இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியா பக்கத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள்.

சமையல் நிகழ்ச்சி என்றால் 'கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை' என்று சொல்லிக்கொண்டே போவார்கள், வீட்டில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வருவார். இதில் அந்த இம்சையெல்லாம் கிடையாது. யாரோ சமைக்கிறார்கள். டூச்சி பக்கத்தில் கைகட்டி நின்று கதை கேட்கிறார். தட்டு வருகிறது. ஒரு வாய் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

ஆனால் அந்த ஒரு வாய் இருக்கிறதே!

நம்மூர் டி.வி.யில் சாப்பாட்டு நிகழ்ச்சி நடத்துபவர், தோசை நாக்கில் படுவதற்கு முன்பே "வாவ்" என்று கண்ணை உருட்டிவிடுவார். வவுச்சர் வருவதற்கு முன்பே பேமெண்ட் போடுகிற கேஷியர் மாதிரி. டூச்சி அப்படியில்லை. வாயில் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். மெல்வார். கண் எங்கேயோ போகும். சமைத்த ஆள் பக்கத்தில் நின்று தவிப்பார். ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம்தான் தலை லேசாகப் பின்னால் சாயும், "ஓ மை காட்" என்று முனகல் வரும். அந்த இரண்டு நொடியில் எனக்கு என்னவோ நடந்தது. என் நாக்கில் இல்லாத ருசி அந்த ஆளின் முகத்தில் இருந்தது. அதைத்தான் நான் சாப்பிட்டேன்.

நேப்பிள்ஸில் பொரித்த பீட்சா என்று ஒன்று. நாம் கடையில் வாங்குகிற அட்டைப் பெட்டிச் சமாசாரம் இல்லை. மாவை மடித்து, உள்ளே பூரணம் வைத்து, கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுப்பது. நம்ம சோமாசியின் ஒன்றுவிட்ட பெரியப்பா. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அடுப்புகள் இடிந்துபோயின, சீஸ் வாங்கக் காசில்லை. இருந்த மாவை எண்ணெயில் பொரித்து விற்றிருக்கிறார்கள் நேப்பிள்ஸ் பெண்கள். அதுவும் கடனுக்கு! இன்றைக்குச் சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு. 1954-ல் வந்த 'தி கோல்ட் ஆஃப் நேப்பிள்ஸ்' படத்தில் ஸோஃபியா லாரன் இந்தக் கடன் பீட்சாதான் விற்பார். இருபது வயதில் ஸோஃபியா லாரன் கடன் கொடுத்தால் எட்டு நாள் எதற்கு, எட்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் கடன் கேட்கலாம்.

இப்படி ஐந்தாறு நாள் ஓடியது. டூச்சி சாப்பிட, நான் தெர்மோகோலை விழுங்க. கதவுக்கு வெளியே, "ஏங்க, எப்படி இருக்கு?" உள்ளேயிருந்து, "பிரமாதம்!"

ஒன்பதாம் நாள் காலை உப்புமா வந்தது.

"ஏங்க, உப்புமா எப்படி?"

"பிரமாதம்மா. ஹோட்டல் தோத்துது!"

வெளியே சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் குரல் வந்தது.

"நான் அதுல உப்பே போடலை."

ஸ்பூன் கையிலேயே நின்றது. பொய் சொல்லி மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் உப்புமாவிடம் மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"எத்தனை நாளா?"

"ஆறு நாள் ஆச்சு."

"தினம் நான் கேட்டப்பல்லாம் பிரமாதம் பிரமாதம்னீங்களே?"

நான் என்ன சொல்ல? நீ பயந்துக்குவேன்னு... என்று ஆரம்பித்து பாதியில் விட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்று நினைத்தேன். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. எனக்கு வந்த ஜலதோஷம் அவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். அது ஜலதோஷமில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பி.காம். புத்தி அவ்வளவுதான்.

"அந்த டி.வி.ல அப்படி என்னதான் பார்க்கறீங்க? ராத்திரி பூரா சத்தம் கேட்குது."

சொன்னேன். ஒரு மொட்டைத் தலையர் சாப்பிடுகிறார், நான் பார்க்கிறேன் என்று.

"இப்ப என்ன சாப்பிடறார்?"

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கிரிக்கெட் கமெண்டரி மாதிரி சாப்பாட்டு கமெண்டரி. அவளுக்காக முதல் பகுதியை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அமால்ஃபி கடற்கரைக்குப் பக்கத்தில் நெரானோ என்று ஒரு குட்டி ஊர். சுக்கினி என்ற காயை (வெள்ளரிக்காயின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்) வட்ட வட்டமாக நறுக்கிப் பொரித்து, ஆற வைத்து, ஸ்பகெட்டியோடு சீஸும் துளசி மாதிரி ஒரு இலையும் போட்டுப் புரட்டுகிறார்கள். மொத்தமே அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு டூச்சி சொர்க்கத்துக்குப் போய் வந்தார்.

"பொரிச்ச காயை ஆற வெச்சா சவசவன்னு போயிடுமே. நல்லாவா இருக்கும்?"

"மூஞ்சியைப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு போலிருக்கு."

"மூஞ்சியை நம்பறதெல்லாம் நான் விட்டாச்சு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரோம் பகுதி அவளுக்குப் பிடித்துப்போனது. ரோமாபுரிக்காரர்களுக்கு நாலு பாஸ்தாதான் வேதம். அதைக் கேட்டதும் எனக்கு அக்கவுண்டன்ஸி வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பெக்கொரினோ என்ற ஆட்டுப்பால் சீஸ், மிளகு, பன்றியின் கன்னத்துக் கொழுப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் கிரீச்சா. அதில் தக்காளியைச் சேர், அமாட்ரிச்சானா. தக்காளிக்குப் பதில் முட்டையைச் சேர், கார்போனாரா. எதையும் சேர்க்காமல் பன்றியைக் கழி, காச்சோ எ பெப்பே. அதாவது சீஸும் மிளகும், அவ்வளவே. ஒரு டெபிட், ஒரு கிரெடிட், நாலு வகைச் சாப்பாடு! (நான் வீட்டில் சைவம், வெளியில் சந்தர்ப்பவாதம். ஆகவே நாலாவது என் கட்சி.)

"வெறும் மிளகா? நம்ம மிளகு சாதம் மாதிரின்னு சொல்லுங்க."

வாஸ்தவம்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் மேற்குக் கரை மிளகு கப்பலேறி ரோமுக்குப் போயிருக்கிறது. அதனால் அந்தத் தட்டில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

அதே ரோமில் டெஸ்டாச்சோ என்று ஒரு பேட்டை. பெரிய கசாப்புக்கூடம் இருந்த இடம், 1975-ல் மூடிவிட்டார்கள். மாட்டை நாலாகப் பிரித்து நல்ல கறியெல்லாம் பெரிய வீடுகளுக்குப் போய்விடும். தொழிலாளிக்குக் கூலியோடு கூலியாகக் குடல், வால், ஈரல். இதற்கு 'ஐந்தாவது கால்பங்கு' என்று பெயர். நாலு கால் சேர்ந்தால் முழுசு என்பது கணக்கு. ஐந்தாவது கால் என்று ஒன்றைக் கண்டுபிடித்து அதில் சமைத்த சாப்பாட்டுக்கு இன்றைக்கு உலகம் பூராவிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். இதை நான் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. அவள் தாத்தா அந்தக் காலத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவர்.

பொலோனியாவில்தான் என் படிப்புக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது. நாம் 'ஸ்பகெட்டி பொலோனேஸ்' என்கிறோமே, அதைப் பொலோனியாவில் கேட்டால் முறைப்பார்கள். அங்கே கறிக் குழம்புக்கு ஜோடி தாலியாதெல்லே என்ற பட்டை நூடுல்ஸ். அதன் அகலம் வெந்தபின் எட்டு மில்லிமீட்டர். யார் சொன்னது? சேம்பர் ஆஃப் காமர்ஸ்! 1972-ல் தங்கத்தில் ஒரு தாலியாதெல்லே செய்து அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். 1982-ல் கறிக் குழம்பின் செய்முறையையும் அதே சேம்பரில் பதிவு செய்தார்கள். சேம்பர் ஆஃப் காமர்ஸ் என்றால் பட்ஜெட்டுக்கு முன் வரியைக் குறை என்று மனு கொடுக்கிற சங்கம் என்றுதான் மூன்று வருஷம் படித்தேன்.

அதைவிட அதிசயம் பார்மிஜானோ சீஸ். இதைப் பற்றி நானே மேற்கொண்டு தோண்டினேன். ஒரு சக்கரம் ஏறக்குறைய நாற்பது கிலோ. சுமார் 550 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது பன்னிரண்டு மாதம் அலமாரியில் கிடந்தால்தான் முத்திரை. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று கிடப்பதும் உண்டு. அதுவரை பண்ணைக்காரன் பணத்துக்கு எங்கே போவான்? அங்கே கிரெடெம் என்று ஒரு வங்கி. 1953-லிருந்து சீஸை அடகு வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது. நகைக்கடன் மாதிரி சீஸ் கடன்! வங்கியின் கிடங்கில் லட்சக்கணக்கில் சக்கரங்கள் அடுக்கியிருக்கின்றன. நகை லாக்கரில் சும்மா கிடக்கும். இதுவோ உள்ளே கிடக்கக் கிடக்கப் பழுத்து விலை ஏறுகிறது. என் பி.காம். பாடத்தில் இப்படி ஒரு செக்யூரிட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் முதல் வகுப்பில் தேறியிருப்பேன்.

அந்தச் சக்கரங்களைப் பரிசோதிக்க ஒருவர் வருவார். கையில் சின்னச் சுத்தியல். ருசி பார்க்க மாட்டார். வெட்டினால் சக்கரம் வீண். டொக் டொக்கென்று தட்டிக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே விரிசலோ ஓட்டையோ இருந்தால் சத்தம் மாறும். நான் இதை மூன்று தடவை சொன்னேன் மனைவியிடம். நாக்கே இல்லாமல் ருசியைக் கண்டுபிடிக்க ஒரு உத்தியோகம் இருக்கிறது என்பதில் எனக்கு அப்போது அப்படி ஒரு ஆறுதல். மறுநாள் தட்டில் இரண்டு அப்பளம் அதிகமாக வந்தது. "சத்தமாவது கேட்கட்டும்" என்றாள்.

இரண்டு வாரத்தில் விடுதலை ஆனேன். நாக்குக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. ஜூன் கடைசியில் ஒருநாள் காலை, வாசலில் நின்றுகொண்டிருந்தபோது குப்பை லாரி போனது. திடீரென்று... ஆஹா! அழுகிய வாழைப்பழமும் மீன் செதிலும் கலந்த அந்த நாற்றம்! "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே லாரிக்குப் பின்னால் பத்தடி ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் வந்ததும் கோணலாக வந்தது. வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிற வாடை. காபி? அதைச் சொன்னால் நீங்கள் காபி குடிக்க மாட்டீர்கள். காபி காபியாக மாற அடுத்த பொங்கல் ஆயிற்று. அதுவரைக்கும் இனி இப்படியேதான் இருந்துவிடுமோ என்று ராத்திரியில் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். டூச்சிக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் இருந்திருக்கிறது. 2017-ல் கண்டுபிடித்தார்களாம். கட்டி பெரிசு, அறுவை முடியாது. கதிர்வீச்சும் கீமோவும். ஆறு மாதம் வயிற்றில் குழாய் வழியாகத்தான் ஆகாரம். ருசி, வாசனை இரண்டும் போய்விட்டன. அந்த நாட்களில் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? படுத்துக்கொண்டு டி.வி.யில் சமையல் நிகழ்ச்சியாகப் பார்த்திருக்கிறார்! சாப்பாட்டு வாசனையே குமட்டுகிறது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அக்டோபரில் வந்த 'டேஸ்ட்' என்ற அவர் சுயசரிதையிலும் இதெல்லாம் இருக்கிறது.

ஆறு பகுதிகளையும் மறுபடி போட்டேன். இந்தத் தடவை அந்த இரண்டு நொடி வேறு மாதிரி தெரிந்தது. வாயில் வைத்ததும் பேச்சு நிற்கிறதே, அதை நான் ரசனை என்று நினைத்திருந்தேன். ஆள் உள்ளே போய் சரக்கு வந்து சேர்ந்ததா என்று கிடங்கில் எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறார். டஸ்கனியில் அந்த மொத்தமான மாட்டுக்கறியைச் சாப்பிடும்போது விழுங்குவதே அவருக்குப் பாடாக இருந்திருக்கிறது. கேமரா முன்னால் மென்று மென்று சமாளித்தாராம். நான் அதை அனுபவித்துச் சாப்பிடுகிறார் என்று மனைவிக்கு கமெண்டரி சொல்லியிருந்தேன்.

சி.என்.என். 2022-ல் அந்தத் தொடரை நிறுத்திவிட்டது. 2025-ல் வேறு சேனலுக்காக மறுபடியும் இத்தாலிக்குக் கிளம்பினார். நாங்கள் இரண்டு பேரும் அதையும் பார்த்தோம், ஒரே சோபாவில், நடுவில் கதவில்லாமல்.

அந்த உற்சாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காச்சோ எ பெப்பே பண்ணினேன். சுலபமாம், மூன்றே சாமான்! பெக்கொரினோவுக்கு நான் எங்கே போவேன்? மளிகைக் கடையில் கிடைத்த சீஸ் கட்டியைத் துருவினேன். பாஸ்தா வேகிற கஞ்சித் தண்ணீரில் சீஸைக் கரைத்தால் பால் மாதிரி குழம்பு வரவேண்டும். அடுப்பை அணைத்துச் சூடு தணிந்த பிறகு கரைக்க வேண்டும் என்பது ரகசியம். நான் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினேன். சீஸ் திரண்டு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். போஸ்டர் ஒட்டுகிற பசையில் மிளகு தூவின மாதிரி ஒரு வஸ்து.

இரண்டு தட்டில் போட்டேன். அவள் தன் தட்டைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் முதல் வாய் வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மென்றேன்.

"எப்படி?"

"கண்றாவி," என்றேன். "மிளகு ஜாஸ்தி. உப்பு சுத்தமா இல்லை."

"அப்பாடா," என்று சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அரிசி உப்புமாவுக்கு வாணலியை வைத்தாள்.